கை இடறும் இடம்

வலது கையில் சின்னச் சுத்தியல் இருந்தது. இடது கையின் நடுவிரல் குழாயின் மேல் படிந்திருந்தது. சுத்தியல் ஒரு தட்டுத் தட்டும், விரல் அதிர்வைக் கேட்கும். ஒரு விரற்கடை தள்ளி மறுபடி ஒரு தட்டு. ணங், ணங் என்று ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டே வந்த குழாய், சீட்டுக்குக் கீழே வளைகிற இடத்துக்கு வந்ததும் 'தொக்' என்றது. கை நின்றது. சுத்தியலை வைத்துவிட்டு, கூரான கம்பி ஒன்றை எடுத்து அந்த இடத்தில் அழுத்தியது. கனிந்த பழத்தில் இறங்குவதுபோலக் கம்பி உள்ளே போனது. துளையிலிருந்து செம்பழுப்புத் தூள் கொட்டி, கீழே விரித்திருந்த பழைய போர்வையில் குவியலாகச் சேர்ந்தது.

"பாவி," என்றாள் அந்தக் கைகளுக்கு உரியவள். குழாயைச் சொல்லவில்லை. தன் அண்ணனைச் சொன்னாள்.

வீட்டின் பின்பக்கம், குளியலறைச் சுவருக்கும் மதில்சுவருக்கும் நடுவில் ஒரு சந்து. கையை விரித்தால் இரண்டு பக்கமும் இடிக்கும். மேலே தகரக் கூரை. கூரையைத் தாங்குகிற இரும்புக் கம்பியிலிருந்து இரண்டு கயிறுகளில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் ஃப்ரேம் தொங்கிக்கொண்டிருந்தது. சக்கரம் இல்லை, எஞ்சின் இல்லை, டேங்க் இல்லை. உரித்துத் தொங்கவிட்ட எலும்புக்கூடு மாதிரி, துருவேறிய வெறும் குழாய்கள்.

அவள் ஆஸ்பத்திரிக் கட்டில் செய்கிற பட்டறையில் வேலை செய்தாள். மற்றவர்கள் குழாயை அறுத்து, வளைத்து, பற்றவைத்துக் கடைசி மேசைக்கு அனுப்புவார்கள். கடைசி மேசை அவளுடையது. பற்றவைத்த இடங்களைத் தேய்த்து, வழித்து, பெயின்ட் அடித்து முடிப்பது அவள் பொறுப்பு. பட்டறையில் அவளுக்கு 'உப்புத்தாள்' என்று பேர். இரும்பைத் தேய்க்கிற காகிதத்தின் பேர்தான். செய்கிற வேலையால் வந்த பேரா, குணத்தால் வந்த பேரா என்று வைத்தவர்களும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கட்டிலும் அவள் மேசையைத் தாண்டுமுன், அதை வாங்கிக்கொள்கிற ஆள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, வெறும் உள்ளங்கையைக் கட்டில் முழுக்க ஓட்டிப் பார்க்க வேண்டும். "கை ஓடுதா?" என்று அவள் கேட்பாள். "ஓடுது" என்றால்தான் கட்டில் வண்டி ஏறும். ஒரு பிசிறோ, ஒரு மேடோ கையை இடறினால் கட்டில் அவளிடமே திரும்பும். படுத்திருக்கிறவர்கள் தோல் மெல்லிசு, வாய் திறக்கத் தெம்பில்லாதவர்கள் கீறலைப் பற்றிப் புகார் சொல்ல மாட்டார்கள் என்பது அவள் கணக்கு. இருபத்திரண்டு வருஷம் இப்படிப் போனதில் அவள் கைக்கே தனியாக ஒரு புத்தி வந்துவிட்டது. மேடு என்று எது தட்டுப்பட்டாலும் தலையைக் கேட்காமல் அதைச் சமன் செய்துவிடும். இதை இங்கேயே சொல்லிவைப்பது நல்லது. பின்னால் நடந்ததெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

ஃப்ரேமைக் கொண்டுவந்து போட்டவன் அவளுடைய அண்ணன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சரக்கு வண்டியில் ஏற்றிவந்து, வாசலில் இறக்கி, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டான். அப்பாவின் வண்டி, அப்பா ஆசைப்படுகிறார், கண்தான் மங்கிவிட்டது, அது ஓடுகிற சத்தத்தை ஒரு தடவையாவது கேட்க வேண்டும் என்கிறார் என்றான். எஞ்சின் பத்திரமாக மெக்கானிக்கிடம் இருக்கிறது, ஃப்ரேம் மட்டும்தான் பாக்கி. கடைக்காரர்கள் வாயில் வந்த தொகையைக் கேட்கிறார்கள், நீ கை வைத்தால் சரியாகிவிடும் என்றான். செலவுக்கென்று அவன் கொடுத்தது ஒரு டப்பா பெயின்ட்டுக்கே பத்தாது.

அவள் ஃப்ரேமைப் பார்த்தாள்.

அந்த வண்டி அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தபோது வாங்கியது. தோளில் கயிறும் இடுப்பில் குறடுமாகக் கம்பம் கம்பமாக அதில்தான் போவார். ஞாயிறுதோறும் வண்டியைத் துடைப்பது அவள் வேலை. துடைக்கிற சாக்கில் தெருமுனைவரை தள்ளிக்கொண்டு போய், யாருக்கும் தெரியாமல் ஓட்டப் பழகியதும் அவள்தான். அண்ணன் அந்த வயதில் வண்டியின் நிழலில்கூட நின்றதில்லை. ஆனால் அவனுக்குக் கல்யாணம் ஆனபோது அப்பா சாவியை அவன் கையில் கொடுத்தார். அடுத்த வருஷம் அவளுக்குக் கல்யாணம் ஆனபோது ஒரு தையல் மெஷின் வந்தது. அதில் அவள் இன்றுவரை ஒரு தையல்கூடப் போட்டதில்லை. கட்டிக்கொண்டவர் தையல்காரர் என்பதால் மெஷின் பிழைத்தது. அண்ணன் ஆறு வருஷம் வண்டியை ஓட்டினான். பிறகு புதுசு ஒன்று வாங்கிக்கொண்டு இதைத் தன் வீட்டுக் குளியலறைக்குப் பின்னால், துவைத்த தண்ணீர் வந்து விழுகிற குழாய்க்கு நேர் கீழே சாத்திவைத்தான். பதினெட்டு வருஷம் சோப்புத் தண்ணீர் அதன் மேல் விழுந்தது. எஞ்சினை மட்டும் அப்பா சண்டை போட்டுக் கழற்றிக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் கொடுத்துவைத்திருந்தார்.

"இரண்டடி தள்ளி வச்சிருந்தா தண்ணி விழுந்திருக்காது," என்றாள் புருஷனிடம், அன்றைக்கு மட்டும் பதினோராவது தடவையாக. "இரண்டே அடி."

"உங்கண்ணன் நடக்கிற ஆளா?" என்றார் அவர், வாயில் நூலோடு. "இரண்டடின்னா அவருக்கு வெளியூரு."

அவள் சிரிக்கவில்லை. ஆனாலும் வேலையை எடுத்துக்கொண்டாள். கேட்டது அப்பா.

காசில்லாத வேலைக்கு நேரம்தான் முதல். பட்டறைக்குப் பின்னால் கிடந்த பிளாஸ்டிக் பீப்பாயை நீளவாக்கில் அறுத்துத் தொட்டியாக்கினாள். தண்ணீர் நிரப்பி, துணி வெளுக்கிற சோடாவைக் கரைத்து, ஃப்ரேமின் ஒரு பாதியை அதில் இறக்கினாள். பக்கத்து வீட்டு ஆட்டோக்காரரிடம் பேட்டரி சார்ஜரை இரவல் வாங்கி, மைனஸ் கம்பியை ஃப்ரேமிலும் ப்ளஸ் கம்பியைத் தொட்டியில் நிறுத்திய பழைய இரும்புத் துண்டுகளிலும் மாட்டினாள். இதை மாற்றி மாட்டிவிட்டால் ஃப்ரேம் கரைந்து போகும். அதனால் ஒவ்வொரு தடவையும் சொடுக்குவதற்கு முன் மூன்று முறை விரலால் தொட்டுச் சொல்லிக்கொண்டாள். தண்ணீர் நுரைத்தது. பக்கத்தில் யாரும் தீக்குச்சி உரசக் கூடாது என்று கத்தினாள். நாள் முழுக்க ஊறியபின் வெளியே எடுத்தால், துரு கருஞ்சேறாகக் கையோடு வந்தது. அடியில் சாம்பல் நிறத்தில் இரும்பு.

முதல் நாளே ஒரு காரியம் செய்திருந்தாள். ஹேண்டில்பார் வந்து செருகுகிற கழுத்துப் பகுதியில், துருவுக்கு அடியில் ஃப்ரேம் நம்பர் மங்கலாகத் தெரிந்தது. ஆறு எண்கள். வண்டிக்குப் பிறவி அடையாளம் அதுதான். பதிவுப் புத்தகத்தில் எழுதியிருக்கிற எண்ணும் கழுத்தில் குத்தியிருக்கிற எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் வண்டி, வண்டி. அதனால் புருஷனின் வெட்டுத் துணியிலிருந்து ஒரு சிவப்பு நாடாவை எடுத்துக் கழுத்தில் கட்டினாள். இங்கே கை வைக்காதே என்று அவள் தன் கைக்கே சொல்லிக்கொண்ட எச்சரிக்கை அது. தொட்டியில் இறக்கும்போது நனையுமே என்று அவிழ்த்துச் சுவர் ஆணியில் மாட்டினாள்.

சீட்டுக்குக் கீழே தட்டுக்குப் பதில் சொல்லாத குழாயை ஒரு சாண் நீளத்துக்கு அறுத்து எடுத்தாள். அதே பருமனில் குழாய் வாங்கப் போனால் கடைக்காரர் முழு நீளம்தான் தருவேன் என்றார். அவள் பட்டறைக் கழிவில் தேடி, பழைய காலத்துக் கட்டில் ஒன்றின் காலைக் கண்டுபிடித்தாள். கனமான இரும்பு. உள்ளே செருக இன்னொரு துண்டு. பட்டறை முதலாளி ஞாயிற்றுக்கிழமைகளில் சின்ன வெல்டிங் பெட்டியை எடுத்துப்போக விட்டார். சேர்ந்தாற்போலப் பற்றவைத்தால் சூட்டில் ஃப்ரேம் முறுக்கிக்கொள்ளும் என்று, இந்தப் பக்கம் ஒரு பொட்டு, அந்தப் பக்கம் ஒரு பொட்டு, ஆறும்வரை காத்திருந்து மறுபடி ஒரு பொட்டு என்று வைத்தாள். கழுத்தின் நடுவிலிருந்து பின்சக்கரம் மாட்டுகிற இரண்டு காதுகளுக்கும் நூல் கட்டி, இரண்டு நூலும் ஒரே அளவா என்று பார்த்தாள். அரை நூல் தடிமன் வித்தியாசம். வெட்டி மறுபடி செய்தாள். செய்யும்போதெல்லாம் அண்ணனைத் திட்டிக்கொண்டே செய்தாள். கோபம் கைக்கு நன்றாக ஒத்துழைத்தது. அதுவரைக்கும்.

மூன்றாவது ஞாயிறு அண்ணன் வந்தான். கூடவே இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தர். ஷூ அழுக்காகுமென்று சந்துக்குள் வராமல், வாசற்படியில் நின்றபடியே போனை நீட்டிப் படம் எடுத்தார். எஞ்சின் ஒரிஜினல்தானே, புத்தகம் இருக்கிறதில்லையா, டேங்கில் பழைய முத்திரை அப்படியே இருக்குமா என்று அண்ணனிடம் விசாரித்தார். அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அவளை வேலைக்கு வைத்த ஆள் என்று நினைத்திருப்பார். போகிற போக்கில், கறுப்புப் பளபளப்பாக இருக்கட்டும், என் வீட்டுக் கூடத்தில் நிறுத்தப்போகிறேன் என்றார்.

அவர் தெருவில் இறங்கிக் காரில் உட்கார்ந்ததும் அவள் கையைத் துடைத்துக்கொண்டு அண்ணன் முன்னால் வந்து நின்றாள்.

"விக்கிறியா?"

"சும்மா கெடந்த இரும்புதானே. நல்ல வெலைக்குக் கேக்குறாரு."

"அப்பா சத்தம் கேக்கணும்னு சொன்னாருன்னியே."

"கேக்கட்டுமே. வித்த காசுல அவருக்கு நல்லதா ஒரு ரேடியோ வாங்கித் தரேன்."

தையல் மெஷின் சத்தம் நின்றது. உள்ளேயிருந்து அவள் புருஷன், மச்சான் டீ சாப்பிட்டுப் போங்களேன் என்று குரல் கொடுத்தார். வீட்டில் பாத்திரம் உடையப்போகிறது என்று தெரிந்தால் அவர் டீ போடுவதாகச் சொல்வார். அது அவர் பழக்கம்.

"அப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"கையெழுத்தே போட்டுக் குடுத்துட்டாரு. நீ வேலையப் பாரு. அடுத்த ஞாயித்துக்கிழமை வண்டி அனுப்புறேன்."

அவன் போய்விட்டான். டீ ஆறியது.

அப்பாவே கையெழுத்துப் போட்டிருக்கிறார். அன்றைக்குச் சாவியை அவனிடம் கொடுத்ததுபோல இன்றைக்குக் கையெழுத்தையும் கொடுத்திருக்கிறார். வேலை மட்டும் இவளுக்கு. அவள் சந்துக்குள் போனாள். இரும்பு தேய்க்கிற கை கிரைண்டரைச் சொடுக்கினாள். எங்கே தேய்க்க வேண்டும் என்று எண்ணிப் பார்க்கவில்லை. எது எதிரில் வந்ததோ அதைத் தேய்த்தாள். பொறி பறந்தது. மேடு தட்டுப்பட்ட இடத்திலெல்லாம் கை நின்று, அழுத்தி, வழித்து, அடுத்த இடத்துக்குப் போனது. அண்ணனோடு, அப்பாவோடு, வெள்ளைச் சட்டையோடு, அவர் கூடத்தோடு எல்லாம் மனசுக்குள் பேசித் தீர்த்தாள். அரை மணி நேரம் கழித்துக் கிரைண்டரை அணைத்து, வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளங்கையை ஓட்டினாள். எங்கேயும் இடறவில்லை. வெண்ணெய் மாதிரி ஓடியது.

புருஷன் சமாதானத்துக்குச் சூடாக இன்னொரு டீயோடு வந்தார். சுவர் ஆணியில் தொங்கிய சிவப்பு நாடாவை எடுத்துப் பார்த்தார். துணியைப் பார்த்தால் அவருக்குச் சும்மா இருக்க முடியாது.

"இது எங்க கட்டியிருந்தது?" என்றார்.

அவள் திரும்பி ஃப்ரேமின் கழுத்தைப் பார்த்தாள். ஆறு எண்கள் இருந்த இடம் புதுச் சில்லறை மாதிரி மின்னியது. ஒரு கோடுகூட இல்லை.

கிரைண்டரைக் கீழே வைக்கவில்லை, போட்டாள். தன் வலது கையை இடது கையால் இரண்டு அடி அடித்தாள். இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள் செய்கிற காரியமா இது. புதிதாகச் சேர்ந்த ஆள் இதைச் செய்திருந்தால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பியிருப்பாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அந்தக் கோபத்துக்கு வேறொரு வாய் முளைத்தது. நம்பர் இல்லாத ஃப்ரேமை வெள்ளைச் சட்டைக்காரர் வாங்க மாட்டார். விற்பனை போச்சு. நல்லதுதானே? பதினெட்டு வருஷம் தண்ணீரில் போட்டவனுக்கு இது கூலி. திங்கட்கிழமை முழுக்க அந்த நினைப்பு இனித்தது. பட்டறையில் யாரோ ஜோக் சொன்னபோது முதல் ஆளாகச் சிரித்தாள். உப்புத்தாள் இன்னைக்கு முரடு இல்லப்பா, நைஸ் நம்பரு என்று கிண்டல் செய்தார்கள்.

செவ்வாய்க்கிழமை ஒரு கட்டிலை வாங்கிக்கொள்ள வந்த டிரைவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை ஓட்டி, "ஓடுதுக்கா" என்றார். அவளுக்குச் சுருக்கென்றது. அந்தக் கழுத்திலும் கை ஓடத்தான் செய்கிறது. பிழையான வேலையில் கை ஓடி அவள் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் புருஷன் பட்டன் தைத்துக்கொண்டே சொன்னார். "உங்கண்ணனால விக்க முடியாது, சரி. உன்னால ஓட்ட முடியுமா?"

அவள் நகத்தில் ஒட்டிய பெயின்ட்டைச் சுரண்டினாள்.

"நம்பர் போனா அது அவரோடதும் இல்ல, உங்கப்பாவோடதும் இல்ல, உன்னோடதும் இல்ல. ரோட்டுல போற யாரு வேணா, இது எங்க திருடினதுன்னு கேக்கலாம்."

"நீங்க சட்டை தைக்கிற வேலையப் பாருங்க," என்றாள். ஆனால் எழுந்து போய்ச் சந்தில் விளக்கைப் போட்டாள்.

மூன்று வருஷத்துக்கு முன்பு பட்டறையிலிருந்து போன சில கட்டில்கள் ஒரு ஆஸ்பத்திரியில் திருடு போய்த் திரும்பக் கிடைத்தன. திருடியவர்கள் கட்டிலில் குத்தியிருந்த எண்களைத் தேய்த்துவிட்டிருந்தார்கள். காவல்துறையிலிருந்து ஒருத்தர் ஒரு புட்டியும் பஞ்சுமாக வந்து, தேய்த்த இடத்தைத் துடைத்துத் துடைத்து எண்களைத் திரும்ப வரவழைத்தார். எல்லோரும் வாயைப் பிளந்து எண்ணைப் பார்த்தபோது அவள் மட்டும் புட்டியில் என்ன என்று கேட்டாள். மயில்துத்தமும் காட்டமான ஆசிட்டும்தான் என்றார் அவர். எண்ணைக் குத்தும்போது மேலே தெரிகிற பள்ளம் மட்டும் உண்டாவதில்லை, அதற்கு அடியிலும் இரும்பு நசுங்கிப் போகிறது, மேலே எவ்வளவு வழித்தாலும் அடியில் பட்ட அடி போகாது, ஆசிட் அந்த இடத்தை மட்டும் வேறு மாதிரி கடித்துக் காட்டும் என்று விளக்கினார். கேட்டவள் மறக்கவில்லை.

புதன்கிழமை லீவு போட்டாள். மளிகைக் கடையில் மயில்துத்தம், சாமான் கடையில் கக்கூஸ் கழுவுகிற ஆசிட். கழுத்தை முதலில் கண்ணாடியாக்க வேண்டும். முரட்டு உப்புத்தாளில் ஆரம்பித்து, நானூறு, எண்ணூறு, ஆயிரம் என்று நைசாகிக்கொண்டே போய், தண்ணீர் விட்டுத் தேய்த்தாள். தன் முகம் அதில் தெரிந்ததும் நிறுத்தினாள். முகம் கோபமாகத்தான் இருந்தது. ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, காற்று வருகிற பக்கமாக நின்று, பஞ்சை நனைத்து ஒரே சீராகத் துடைக்க ஆரம்பித்தாள்.

அரை மணி நேரம் ஒன்றும் இல்லை. புருஷன் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். முக்கால் மணி நேரத்தில் இரும்பின் மேல் மூச்சுப் பட்ட கண்ணாடி மாதிரி ஒரு மங்கல். பிறகு, மங்கலுக்குள்ளிருந்து ஒரு நாலு. அதற்குப் பக்கத்தில் ஏழு. அவள் துடைப்பதை நிறுத்தவில்லை, வேகத்தைக் கூட்டவுமில்லை. ஒன்று. கடைசியில் ஆறு, பூஜ்யம். நடுவில் ஓர் எண் மட்டும் மூன்றா எட்டா என்று பிடிகொடுக்காமல் நின்றது. ஊசியை எடுத்து ஒரு கீறல் கீறினால் மூன்றாகிவிடும். கை போனது. மடக்கிக்கொண்டாள். தெரியாததைத் தெரிந்ததாக எழுதுகிறவள் அல்ல அவள். தண்ணீரில் கழுவி, எண்ணெய் தடவி, சிவப்பு நாடாவைத் திரும்பக் கட்டினாள்.

ஃப்ரேமைச் சாக்கில் சுற்றி, ஆட்டோவில் போட்டு, வண்டிப் பதிவு அலுவலகத்துக்குப் போனாள். அங்கே இருந்த இன்ஸ்பெக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பூதக்கண்ணாடியால் கழுத்தைப் பார்த்தார். நீங்களாக எதையும் குத்தக் கூடாது, அது குற்றம் என்றார். புத்தகம் வேண்டும், புத்தகத்தில் பேர் உள்ளவர் நேரில் வர வேண்டும், அவர் முன்னால் நாங்கள்தான் குத்துவோம் என்றார். புத்தகம் யார் பேரில் இருக்கிறது என்று பழைய பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துச் சொன்னதும் அவரேதான். அப்பாவின் பேரில். சாவியை வாங்கிக்கொண்ட அண்ணன் இருபத்திநாலு வருஷமாகப் பேர் மாற்ற ஒரு நடை நடக்கவில்லை.

அன்று மாலையே அண்ணன் வீட்டுக்குப் போனாள். முன்னறையில் அப்பா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். அண்ணி உள்ளேயிருந்து வாங்க என்றாள். இவள் உட்காரவில்லை.

"அப்பா, வண்டிய விக்கக் கையெழுத்துப் போட்டீங்களா?"

"எந்த வண்டிய?" என்றார் அப்பா.

போன மாதம் கண் ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் போட்டார், மறந்திருப்பார் என்று அண்ணன் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"கண்ணுல சொட்டு மருந்து விட்டுட்டு நீட்டினியே, அந்தக் காகிதமா?" என்றார் அப்பா. "ஆஸ்பத்திரிக் காகிதம்னு சொன்ன. அன்னிக்கி எனக்கு உன் மூஞ்சியே தெரியலடா."

வந்த வழியெல்லாம் அப்பாவிடம் கேட்க அவள் சேர்த்துவைத்திருந்த கேள்விகள் இருந்தன. அவற்றில் பாதி அந்த இடத்திலேயே விழுந்துபோயின. மீதிப் பாதி அப்படியே இருந்தது. ஆனால் முதலில் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். கழுத்து நம்பரைத் தானே தேய்த்து அழித்ததையும், அது அரைகுறையாகத் திரும்ப வந்திருப்பதையும், அப்பா நேரில் வர வேண்டும் என்பதையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

அண்ணன் பிடித்துக்கொண்டான். வேண்டுமென்றே செய்திருக்கிறாள், வயிற்றெரிச்சல், வந்த பார்ட்டியையே கெடுத்துவிட்டாள் என்று குதித்தான். அப்பா கையை உயர்த்தினார்.

"ஒருத்தன் தண்ணியில போட்டே அழிச்சான். ஒருத்தி தேய்ச்சே அழிச்சா. நல்லாத்தான் பெத்திருக்கேன்," என்றார். பிறகு, கறுப்புக் கண்ணாடியை எந்தப் பக்கமும் திருப்பாமல், "நாலு ஏழு ஒண்ணு மூணு ஆறு சைபர். புக்கை எடுத்துட்டு வாடா," என்றார்.

மூணு. அவள் மனசுக்குள் குறித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்கு நான்கு பேரும் போனார்கள். அப்பாவும் அவளும் ஒரு பெஞ்சில். அவள் புருஷனும் அண்ணனும் எதிர் பெஞ்சில். இன்ஸ்பெக்டர் புத்தகத்தையும் கழுத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். புத்தகத்திலும் மூன்றுதான் இருந்தது. தேய்த்தது யார் என்று கேட்டார். அண்ணன் அவளைப் பார்த்தான்.

"நான்தான். கோபத்துல," என்றாள்.

"நம்பரை அழிச்சவங்க பொதுவா என்னைத் தேடி வர மாட்டாங்க," என்று சொல்லிவிட்டு அவர் எழுதிக்கொண்டார். பெரியவர் வந்ததோடு வந்தாயிற்று, பேரை யாருக்காவது மாற்றுவதாக இருந்தால் இப்போதே செய்துவிடலாம் என்றார். அண்ணன் நிமிர்ந்தான். அவளும் நிமிர்ந்தாள், அதற்காகத் தன் மேலேயே எரிச்சல்பட்டாள்.

"என் பேர்லயே இருக்கட்டும்," என்றார் அப்பா. "நான் இன்னும் சாகல."

எண் குத்துகிற அச்சுகளை எடுத்துக்கொண்டு ஓர் ஊழியர் வந்தார். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு சுத்தியல் அடி. அச்சை நேராகப் பிடிக்க அவருக்குப் பொறுமை இல்லை. நாலு நேராக விழுந்தது. ஏழு கொஞ்சம் இறங்கியது. மூன்று, குடித்தவன் மாதிரி வலப்பக்கம் சாய்ந்தது. அவள் புடவைத் தலைப்பைக் கையில் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அச்சைப் பிடுங்கித் தானே அடிக்கக் கை பறந்தது. தொட்டால் குற்றம். ஆறாவது அடி விழுந்து முடிகிறவரை தரையைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அனுப்புவதாகச் சொன்ன வண்டி வரவில்லை. வெள்ளைச் சட்டைக்காரர் வேறு இடம் பார்த்துக்கொண்டார் என்று அண்ணி மூலமாகத் தகவல் வந்தது. அவள் காலையில் கழுத்துக்குத் துருவைத் தடுக்கிற செம்பூச்சும், ஏற்கெனவே மற்ற இடங்களில் இரண்டு பூச்சு காய்ந்திருந்ததால் அதற்கு ஈடாகக் கறுப்பும் அடித்திருந்தாள். எண்களின் பள்ளத்தில் பெயின்ட் தேங்காமல் தீக்குச்சி முனையில் துணி சுற்றி ஒற்றி எடுத்தாள். சாய்ந்த மூன்று சாய்ந்தபடியே கறுப்பானது. காய்ந்ததும் மாலையில் அவளும் புருஷனும் ஆளுக்கொரு முனையாகத் தூக்கிக்கொண்டு, இரண்டு தெரு தாண்டி அண்ணன் வீட்டுக்கு நடந்தார்கள். வழியில் பார்த்தவர்கள் இது என்ன ஏணியா என்று கேட்டார்கள். ஆமாம், மாமனார் வீட்டு மாடிக்கு என்றார் புருஷன்.

அப்பா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். அண்ணன் உள்ளே டிவி சத்தத்தைக் கூட்டினான்.

ஃப்ரேமை அவர் முழங்கால் மேல் சாய்த்து நிறுத்திப் பிடித்துக்கொண்டு, அவள் பட்டறையில் சொல்வதுபோலவே குறைகளை முதலில் சொன்னாள்.

"சீட்டுக்குக் கீழ ஒரு சாண் குழாய் ஒரிஜினல் இல்ல. கட்டில் கால். வலது பக்கம் பின்னாடி இரண்டு குழி இருக்கு, மாவு வச்சு ரொப்பல. ரொப்பினா மறைஞ்சிடும், மறைஞ்சா யாரும் கவனிக்க மாட்டாங்க. நாளைக்கி மெக்கானிக் வந்து எடுத்துட்டுப் போவாரு. எஞ்சின் மாட்டினதும் ஓட்டப்போறது நான். உங்களப் பின்னாடி உக்கார வச்சு. சம்மதமான்னு கேக்கல, சொல்றேன்."

"ஓட்டத் தெரியும்னு தெரியும்," என்றார் அப்பா. "தொடைக்கப் போன வண்டி எப்பவும் சூடா வரும்."

தெரிந்துமா சாவியை அவனிடம் கொடுத்தீர்கள் என்று கேட்க அவள் வாய் திறந்தது. அதைக் கேட்க இன்னும் நாள் இருக்கிறது என்று மூடிக்கொண்டாள். கோபம் அப்படியே இருந்தது, ஆனால் வேலை கையில் இருந்தது.

"கைய ஓட்டிப் பாருங்க."

அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தேவையில்லை. உள்ளங்கையைப் பின்முனையில் வைத்து மெதுவாக நகர்த்தினார். கட்டில் காலைத் தாண்டியது, தாண்டியது தெரியாமல். குழிகளில் ஒரு கணம் தயங்கி நகர்ந்தது. முதுகுக் குழாயில் வழுக்கிக்கொண்டு வந்து கழுத்தில் ஏறியது. அங்கே நின்றது.

"ஓடுதாப்பா?"

"ஓடுது. இங்க மட்டும் இடறுது."

"இடறட்டும்," என்று சொல்லி, பிடித்திருந்த கையை ஃப்ரேமிலிருந்து எடுத்தாள்.